சட்டமன்ற உறுப்பினரும் ஊழல் விசாரணையும்

மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மீது இலஞ்சக் குற்றச்சாட்டு எழுகிறது. அதனைப் புலனாய்வு செய்யும் அதிகாரம் யாருக்கு உண்டு? எச்சட்டத்தின்கீழ்? எவருடைய இசைவுடன்? எளியவையாகத் தோன்றும் இவ்வினாக்களுக்கு விடை காண இந்தியச் சட்டம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. 1984 முதல் 2024 வரை நாற்பது ஆண்டுகளில் படிப்படியாக வளர்ந்த இவ்விடையை அறிவது மாணவர்க்கும் அலுவலர்க்கும் ஒருங்கே பயன்தரும்.

இப்பொருளில் இரண்டு அச்சங்கள் எதிரெதிராக நிற்கின்றன. ஆளுங்கட்சி காவல் துறையை ஏவி எதிர்க்கட்சி உறுப்பினர்களை அலைக்கழிக்க முடியுமானால், சட்டமன்றம் துணிவுடன் இயங்காது. மாறாக, உறுப்பினர் தம் வாக்கையும் செல்வாக்கையும் விற்க முடியுமானால், சட்டமன்றம் மக்களுக்கு உரியதாக இராது. முதல் அச்சத்தைப் போக்க அரசியலமைப்பு சிறப்புரிமைகளை வழங்கியது. இரண்டாவதைப் போக்க ஊழல் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையே எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்பதே சிக்கலின் மையம்.

பொது ஊழியரா, இல்லையா?

ஊழல் தடுப்புச் சட்டம் பொது ஊழியர்களைப் பற்றியது. எனவே, சட்டமன்ற உறுப்பினர் பொது ஊழியரா என்பது முதல் வினாவாயிற்று. அமைச்சர் பொது ஊழியரே என 1979-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. சாதாரண உறுப்பினரின் நிலை அந்துலே வழக்கில் ஆராயப்பட்டது. சிமென்ட் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில், அறக்கட்டளைகளுக்கு நன்கொடை தந்தோருக்குச் சிமென்ட் ஒதுக்கீடு வழங்கப்பட்டது என்பது அவர் மீதிருந்த குற்றச்சாட்டுகளுள் ஒன்று. மகாராஷ்டிர முதலமைச்சர் பதவியிலிருந்து 1982-இல் அவர் விலகினார். சட்டமன்ற உறுப்பினராக நீடித்தார். 1984-இல் தீர்ப்பளித்த அரசியலமைப்பு ஆயம், சட்டமன்ற உறுப்பினர் ஊதியம் பெற்றாலும் அரசின் ஊதியத்தில் இருப்பவர் அல்லர் என்றும், ஆகவே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி அவர் பொது ஊழியர் ஆகார் என்றும் கூறியது.

இந்த இடைவெளியை 1988-ஆம் ஆண்டின் புதிய ஊழல் தடுப்புச் சட்டம் பெரிதும் அடைத்தது. பொதுக் கடமை ஆற்ற வேண்டிய அல்லது ஆற்றுதற்கு அதிகாரம் பெற்ற பதவியை வகிப்பவர் எவரும் பொது ஊழியர் என அது விரிவாக வரையறுத்தது. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் இவ்வரையறைக்குள் அடங்குவர் என்பதை உச்சநீதிமன்றம் 1998-இல் உறுதி செய்தது.

வாக்குக்கு விலை

எனினும், அதே 1998-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வேறொரு கதவைத் திறந்துவிட்டது. 1993-இல் மக்களவையில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை முறியடிக்கச் சில உறுப்பினர்கள் பணம் பெற்றனர் என்பது வழக்கு. அவையில் பேசியதற்கோ வாக்களித்ததற்கோ உறுப்பினர் மீது வழக்குத் தொடரலாகாது என்பது அரசியலமைப்பின் 105(2) விதி. சட்டமன்றங்களுக்கு 194(2) விதி இதே பாதுகாப்பை அளிக்கிறது. இதனைக் கொண்டு, பணம் பெற்று வாக்களித்த உறுப்பினருக்கும் பாதுகாப்பு உண்டு என மூன்று நீதிபதிகள் கருதினர், இருவர் மாறுபட்டனர். இதன் விளைவு விந்தையானது. பணம் கொடுத்தவர் மீது வழக்கு நடத்தலாம். பணம் பெற்றும் வாக்களிக்காதவர் மீதும் நடத்தலாம். பணம் பெற்று, சொன்னபடி வாக்களித்தவர் மட்டும் தப்பினார்.

இம்முரண்பாடு 2024 மார்ச் 4 அன்று சீதா சோரன் வழக்கில் களையப்பட்டது. 2012-இல் ஜார்க்கண்டில் நடைபெற்ற மாநிலங்களவைத் தேர்தலில் வாக்களிக்கப் பணம் பெற்றதாகச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மீது சாட்டப்பட்ட குற்றத்திலிருந்து இவ்வழக்கு எழுந்தது. ஏழு நீதிபதிகள் கொண்ட ஆயம் ஒருமனதாக 1998-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அப்பகுதியை மாற்றியது. இலஞ்சம் பெற்ற அக்கணமே குற்றம் முழுமை அடைகிறது. பின்னர் எவ்வாறு வாக்களித்தார் என்பது பொருட்டன்று. சிறப்புரிமை அவையின் கடமைகளைச் செவ்வனே ஆற்றுதற்கு உரியது. வாக்கை விலை பேசுதல் அக்கடமைகளுள் அடங்காது.

புலனாய்வின் வழிமுறை

குற்றச்சாட்டு வந்தவுடன் ஊழல் வழக்குகளில் முதல்நிலை விசாரணை நடத்த இடமுண்டு என 2013-இல் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. அதன்பின் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். கையூட்டுக் கேட்பவரைக் கையும் களவுமாகப் பிடிப்பது ஒரு முறை. பினாப்தலீன் பொடி தடவிய நோட்டுகளைத் தொட்ட விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாகும். நோட்டைத் தொட்டதற்கு இது சான்று; பணத்தைக் கேட்டுப் பெற்றார் என்பது சாட்சிகளால் தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

வருமானத்தை மிஞ்சிய சொத்து வழக்கு மற்றொரு முறை. இதன் அடிப்படை எளிய கணக்கே. எடுத்துக்காட்டாக, ஒருவரின் சொத்து ஐந்து ஆண்டுகளில் ரூ. 20 இலட்சத்திலிருந்து ரூ. 100 இலட்சமாக உயர்ந்தது எனக் கொள்வோம். அக்காலத்தில் அவரது வருமானம் ரூ. 60 இலட்சம், செலவு ரூ. 30 இலட்சம். சேமிப்பு ரூ. 30 இலட்சமே இருக்கக்கூடும். எஞ்சிய ரூ. 50 இலட்சத்துக்கு அவரே விளக்கம் தர வேண்டும். வேட்பாளர்கள் வேட்புமனுவுடன் தாக்கல் செய்யும் சொத்து உறுதிமொழிப் பத்திரம் இக்கணக்கின் தொடக்கப் புள்ளியாக உதவும்.

இப்பணியை மாநில இலஞ்ச ஒழிப்புத் துறை, லோக் ஆயுக்தா, மத்தியப் புலனாய்வுத் துறை ஆகியவற்றுள் ஒன்று மேற்கொள்ளலாம். மத்தியப் புலனாய்வுத் துறை ஒரு மாநிலத்தில் செயற்பட, 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி மாநில அரசின் ஒப்புதல் தேவை. ஆனால் உச்சநீதிமன்றமும் உயர்நீதிமன்றங்களும் அவ்வொப்புதல் இன்றியே ஆணையிடலாம் என்பது 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. லோக் ஆயுக்தாவை நிறுவுமாறு 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் மாநிலங்களைப் பணித்தது. எனினும், அதன் அதிகாரங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன.

இசைவு என்னும் வாயில்

புலனாய்வு முடிந்தாலும், நீதிமன்றம் வழக்கை ஏற்க 19-ஆம் பிரிவின்படி முன் இசைவு வேண்டும். அரசு ஊழியரைப் பொறுத்தமட்டில், அவரைப் பதவியிலிருந்து நீக்கவல்ல அதிகாரியே இசைவு தருபவர். சட்டமன்ற உறுப்பினரை அவ்வாறு நீக்கவல்ல அதிகாரி எவருமிலர். ஆகவே, சட்டம் திருத்தப்படும் வரை சபாநாயகர் அல்லது மேலவைத் தலைவரின் அனுமதியைப் பெற வேண்டும் என 1998-இல் நீதிமன்றம் இடைக்கால ஏற்பாடு செய்தது. 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் இசைவு பற்றி முடிவு செய்ய மூன்று மாதமும், தேவையாயின் மேலும் ஒரு மாதமும் என வரம்பு விதித்தது. ஆனால், உறுப்பினருக்கு இசைவு தருபவர் யார் என்பதைப் பெயர் சுட்டி வரையறுக்கவில்லை. சபாநாயகர் பெரும்பாலும் ஆளுங்கட்சியைச் சார்ந்தவராதலால், முன்னர்க் கூறிய இரண்டு அச்சங்களும் இவ்விடத்தில் மீண்டும் தலைகாட்டுகின்றன.

தண்டனையின் விளைவு

ஊழல் தடுப்புச் சட்டத்தின்கீழ்த் தண்டனை பெற்றவர், அபராதம் மட்டும் விதிக்கப்பட்டாலும், ஆறு ஆண்டுகளுக்குத் தகுதி இழப்பார். சிறைத் தண்டனையாயின், விடுதலைக்குப் பின்னும் ஆறு ஆண்டுகள் தகுதியின்மை தொடரும். மேல்முறையீட்டைக் காரணம் காட்டிப் பதவியில் நீடிக்க உறுப்பினர்களுக்கு வாய்ப்பளித்த 8(4) பிரிவை 2013-இல் லில்லி தாமஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் நீக்கியது.

சட்டமன்ற உறுப்பினர் ஊழல் சட்டத்துக்கு அப்பாற்பட்டவர் அல்லர் என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்டது. எஞ்சியுள்ள இடர்கள் நடைமுறை சார்ந்தவை: இசைவு வழங்குவதில் நடுநிலை, புலனாய்வாளரின் சுதந்திரம், விசாரணையின் விரைவு. வழக்கை இயன்றவரை இரண்டு ஆண்டுகளில் முடிக்க வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. குற்றமற்றவர் ஐயத்தின் நிழலிலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்வதும், குற்றம் புரிந்தவர் தாமதத்தின் நிழலில் மீண்டும் தேர்தலில் நிற்பதும் தவிர்க்கப்பட, அக்கால வரம்பைக் காப்பதே முதற்பணியாகும்.