அணு ஆயுதப் போரை தடுத்த சிக்னல் விளக்கு!
நடுக்கடலில் நடந்த ‘திக், திக்’ சம்பவம்

1962-ம் ஆண்டு அக்டோபர் 27-ந்தேதி. இரவு 9 மணி இருக்கும். அட்லாண்டிக் கடலில் ரஷிய நீர்மூழ்கி கப்பல் ஒன்று மேலே வந்தது. பெயர் பி-59.

அது தானாக வரவில்லை. கியூபாவில் ரஷியா ஏவுகணைகளை இறக்கியதால், அந்தத் தீவை அமெரிக்க கடற்படை வளைத்து நின்ற நேரம். பி-59 இருக்கும் இடத்தை மோப்பம் பிடித்த அமெரிக்க கப்பல்கள், ‘மேலே வா’ என்பதற்கு அடையாளமாக சிறு வெடிகளை தண்ணீருக்குள் போட்டன. வெடித்தால் இன்ன அர்த்தம் என்று மாஸ்கோவுக்கு முன்னாடியே தகவல் அனுப்பி இருந்தார்கள். ஆனால் கடலுக்கு அடியில் இருந்தவர்களுக்கு அது போய்ச் சேரவே இல்லை. கடுதாசி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்!

உள்ளே பேட்டரி தீர்ந்துவிட்டது. 45 டிகிரிக்கு மேல் வெப்பம். நல்ல காற்று கிடையாது. வேறு வழி இல்லை, மேலே வந்தார்கள்.

தலைக்கு மேல் விமானம்

வந்தால், அமெரிக்க விமானம் வெளிச்சக் குண்டுகளை வீசியது. கண் கூசியது. சண்டை தொடங்கிவிட்டது என்று நினைத்தார் கேப்டன் சாவிட்ஸ்கி. உடனே முழுகச் சொன்னார். டார்பிடோவை தயார் செய்யவும் உத்தரவு போட்டார்.

கப்பலில் இருந்த டார்பிடோக்களில் ஒன்று, அணுகுண்டு பொருத்தியது!

அப்போதுதான் அந்த வேடிக்கை. சிக்னல் விளக்கோடு கீழே இறங்கிய மாலுமி, குறுகலான வழியில் சிக்கிக்கொண்டார். மேலே நின்றவர்கள் இறங்க முடியவில்லை. சில வினாடி தாமதம்.

அந்த சில வினாடிதான் வாழ்வா, சாவா!

படைப்பிரிவின் தலைமை அதிகாரி வாசிலி அர்கிப்போவ் இன்னும் மேலேதான் இருந்தார். எதிரே நின்ற ‘கோனி’ என்ற அமெரிக்க போர்க்கப்பலில் விளக்கு மினுக், மினுக் என்றது. விளக்கின் முன்னால் உள்ள தகடுகளை திறந்து மூடுவார்கள். சின்ன வெளிச்சம் புள்ளி, நீள வெளிச்சம் கோடு. தந்தி ஆபீசில் அடித்தார்களே, அதே பாஷை. காதுக்கு பதில் கண்.

அர்கிப்போவ் படித்தார். விமானம் செய்த காரியத்துக்கு மன்னிப்பு கேட்டிருந்தார்கள்! டார்பிடோ வேலை நிறுத்தப்பட்டது. கப்பலில் இருந்தவர்கள் பிற்காலத்தில் சொன்ன விவரம் இது. அணுகுண்டு சமாச்சாரம் உலகத்துக்கு பரவலாக தெரிந்தது 2002-ல்தான். அர்கிப்போவ் 1998-லேயே இறந்துவிட்டார்.

அன்று ராத்திரி ‘கோனி’ மறுபடியும் விளக்கடித்து, "உதவி வேண்டுமா?" என்று கேட்டது.

"வேண்டாம்" என்று பதில் வந்தது.

பேட்டரி சார்ஜ் ஏறியதும் ஒருநாள், பி-59 சொல்லாமல் கொள்ளாமல் முழுகி மறைந்தது.