த்ரீ-நாட்-த்ரீ ரைஃபிளில் ரெட் டாட் சைட்: ரீல்ஸ் சொல்லாத விஷயங்கள் என்னென்ன?

குரோம்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கிற நமக்கு அஸ்தினாபுரம் ஒரு ஸ்டாப். மகாபாரதத்திலோ அது துரோணர் வில்வித்தை சொல்லிக்கொடுத்த ஊர். மரத்தில் இருக்கும் பறவையைக் காட்டி "என்ன தெரியுது?" என்று அவர் கேட்க, "பறவையின் கண் மட்டும்தான்" என்று அர்ஜுனன் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும்.

ஆனால், பழைய ராணுவ ரைஃபிளில் குறி பார்த்தால் அர்ஜுனனுக்கே சிக்கல்தான். இப்போது யூடியூபிலும் இன்ஸ்டாவிலும் சுற்றும் வீடியோக்கள் அதற்கு ஒரு தீர்வு காட்டுகின்றன. நூறு வயதான மர ரைஃபிள், அதன் மேல் நவீன ரெட் டாட் சைட். பார்க்க செம மாஸ்! இது எப்படி வேலை செய்கிறது? நம்ம ஊரில் செய்யலாமா?

பழைய முறையில் என்ன பிரச்னை?

'த்ரீ-நாட்-த்ரீ' என்று நாம் சொல்வது லீ-என்ஃபீல்டு ரைஃபிளை. 1907-ல் வந்த இதன் மார்க் 3 மாடலை மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையும் தயாரித்தது. கையால் போல்ட்டை இழுத்துச் சுட வேண்டும். மேகசினில் 10 தோட்டா. உத்தரப் பிரதேச போலீஸ் இதற்கு விடைகொடுத்ததே 2020 குடியரசு தினத்தில்தான்!

இதில் பின்னால் ஒரு வெட்டு, முனையில் ஒரு சிறு தகடு, தூரத்தில் இலக்கு. மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். நம் கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் ஃபோகஸ் செய்ய முடியும். அதனால், முனைத் தகட்டைத் தெளிவாகப் பார், இலக்கு மங்கினால் பரவாயில்லை என்றுதான் பயிற்சியில் சொல்வார்கள். அர்ஜுனன் சொன்னதற்கு நேர் எதிர்! வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அந்தத் தகடும் மங்கிவிடும்.

ரெட் டாட் என்ன செய்கிறது?

முதலில், இது லேசர் இல்லை. இலக்கின் மேல் எந்த வெளிச்சமும் விழாது. உள்ளே இருக்கும் சின்ன எல்.இ.டி. விளக்கு, முன்பக்க வளைந்த கண்ணாடியில் ஒளி வீசும். அதன் பூச்சு சிவப்பு ஒளியை மட்டும் இணைக் கதிர்களாக நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். அதனால் புள்ளி தூரத்தில் மிதப்பது போலத் தெரியும். இலக்கை மட்டும் பார்த்தால் போதும், புள்ளி தானாக அதன் மேல் வந்து உட்காரும். பெரிதாக்கியெல்லாம் காட்டாது.

ஐடியா புதுசும் இல்லை. டப்ளினைச் சேர்ந்த தொலைநோக்கி நிபுணர் ஹோவர்ட் கிரப் 1900-லேயே இந்தத் தத்துவத்தைச் சொல்லிவிட்டார். இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களில் இது சாதாரணம். ரைஃபிளுக்கான எலக்ட்ரானிக் வடிவத்தை ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் 1975-ல் கொண்டுவந்தது.

அப்போ மாட்டிட வேண்டியதுதானே?

அங்கேதான் சிக்கல். இன்றைய துப்பாக்கிகளில் சைட் மாட்டுவதற்கென்றே பல் பல்லாக வெட்டிய 'பிக்காடினி ரெயில்' இருக்கும். 1995-ல் அமெரிக்க ராணுவம் தரப்படுத்திய அமைப்பு இது. த்ரீ-நாட்-த்ரீயில் அப்படி ஒரு இடமே கிடையாது.

மேல்பகுதியின் நடுவில் மாட்டினால், கிளிப் வைத்து ஐந்து ஐந்தாகத் தோட்டா நிரப்பும் வழி அடைபடும். ஸ்டீலில் துளை போட்டால் அந்த வரலாற்றுப் பொருளின் மதிப்பு போச்சு, துளையைத் திரும்ப மூடவும் முடியாது. அதனால், பேரலின் மேல் இருக்கும் பழைய பின் சைட்டைக் கழற்றி, அதே இடத்தில் துளையில்லாமல் பொருத்தும் மவுன்ட்டைப் பலர் தேர்வு செய்கிறார்கள். ரெட் டாட்டைக் கண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தாலும் புள்ளி தெரியும் என்பதால் இது சாத்தியம்.

ஆனாலும் மூன்று தலைவலிகள் மிச்சம். சுடச் சுட பேரல் சூடாகும், அதன் மேல் உட்கார்ந்த சைட்டின் குறி நகரலாம். ஈரக் காற்றில் மரக்கட்டை உப்பினாலும் குறி மாறும். கட்டையின் உயரம் பழைய சைட்டுக்கு ஏற்றது என்பதால், உயரமான ரெட் டாட்டுக்குக் கன்னத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

சின்னக் கணக்கு: புள்ளியின் அளவை 'எம்.ஓ.ஏ.' என்பார்கள். 1 எம்.ஓ.ஏ. என்றால் 100 மீட்டரில் சுமார் 2.9 செ.மீ. அப்படியானால் 2 எம்.ஓ.ஏ. புள்ளி அங்கே கிட்டத்தட்ட 6 செ.மீ. இடத்தை மறைக்கும்.

நம்ம சட்டம் என்ன சொல்லுது?

வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் எடுத்தவை. இந்தியாவில் .303 என்பது 'தடைசெய்யப்பட்ட போர்' வகை. சாதாரண உரிமத்தில் கிடைக்காது, மத்திய உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். இங்கே உரிமம் உள்ளவர்கள் வாங்கும் ரைஃபிள் பெரும்பாலும் .315 ரகம்.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் மாற்றியமைப்பதும் தொழிலாகச் செய்யக் கூடாது. அதாவது, தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து வேலை வாங்குவது விபரீதம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை அனுமதியின்றி வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டுகள் வரை சிறை. உரிமம் உள்ள ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது.

தாத்தாவோட துப்பாக்கி பரண்ல இருந்தா?

ராணுவத்திலும் விமானப் படையிலும் வேலை பார்த்து தாம்பரம் பக்கம் செட்டில் ஆன குடும்பங்கள் நிறைய. உரிமதாரர் இறந்த பிறகு துப்பாக்கி வீட்டிலேயே கிடந்தால், 'பரம்பரைச் சொத்து' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. உரிமம் காலாவதியானால், தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 21-வது பிரிவு. ஒப்படைத்தால் உரிமை போய்விடாது. வாரிசு உரிமம் பெற்ற பிறகு திரும்பப் பெறலாம்.

ரீல்ஸில் 30 செகண்டில் முடிகிற வேலை, இங்கே வழக்கில் போய் முடியலாம். பரணில் துப்பாக்கி இருந்தால், சைட் ஆர்டர் செய்வதற்கு முன் உரிமப் புத்தகத்தின் தேதியைப் பாருங்கள்.