கரணம் போடும் குழந்தையும் பிறந்த தேதியும்

ஜங்புராவை அடுத்த மதராசி கேம்பில் நம்மவர் குடியிருந்த காலத்தில், ஒரு மாலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு தாயார் இரண்டு தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு நம்மைத் தேடி வந்தார். நாம் இரயில்வேயில் எழுத்தராக இருப்பதால் இத்தகைய தாள்கள் நம்மிடம் வருவது வழக்கம். “அண்ணே, இதுல என்ன தப்புன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. பிள்ளைய ஆட விடாம அனுப்பிட்டாங்க” என்றார். அருகில் அவருடைய மகள் நின்றாள். ஜிம்னாஸ்டிக்ஸ் பயிலும் சிறுமி. அழுது ஓய்ந்த முகம்.

இது 2024ஆம் ஆண்டில் நடந்தது. பள்ளிகளுக்கிடையேயான வட்டாரப் போட்டிக்குச் சென்ற அச்சிறுமி, பெயர் பதியும் மேசையிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருந்தாள். காரணத்தைச் சொல்லுமுன், இக்கலையில் ஒரு குழந்தை எவ்வாறு படிப்படியாக மேலே ஏறுகிறது என்பதை நேயர்கள் அறிந்துகொள்வது நலம். நம் குடும்பங்களிலும் இன்று பல குழந்தைகள் கரணமடிக்கும் ஆசையுடன் இருக்கின்றனர். பெற்றோர்க்கோ இதன் வழி தெரிவதில்லை.

பெண்களுக்குரிய கருவிகள் நான்கு. ஓடிவந்து மேசைமேல் கையூன்றித் தாண்டுதல் ஒன்று. உயரம் வேறுபட்ட இரு கம்பிகளில் ஊசலாடுதல் மற்றொன்று. 5 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உடைய கட்டையின்மேல் ஆடுதல் மூன்றாவது. பன்னிரண்டு மீட்டர் சதுரமான தரையில் இசையோடு ஆடுதல் நான்காவது. ஆண்களுக்குக் கருவிகள் ஆறு. அவர்களுடைய தரையாட்டத்திற்கு இசை கிடையாது.

பள்ளி வழியாகச் செல்லும் குழந்தைக்கு ஏணி தெளிவானது. தில்லியில் பள்ளி, வட்டாரம், வட்டாரங்களுக்கிடையே, பின்னர் மாநில அணி என்று அது செல்லும். தமிழகத்தில் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்பார்கள். இதன் உச்சியில் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டி இருக்கிறது. அதில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகள் உண்டு. நம்மவர் அடிக்கடி கேட்பது, “எம் குழந்தை தமிழ்நாட்டுக்காக ஆடலாமா?” என்பதே. பள்ளிப் போட்டியில், பள்ளி எந்த மாநிலத்தில் உள்ளதோ அந்த மாநிலத்திற்கே குழந்தை உரியது. தாய்மொழி இங்கே கணக்கில் வராது. கேந்திரிய வித்யாலயம் போன்ற சில அமைப்புகள் தனி அணிகளாகத் தேசியப் போட்டிக்கு வருகின்றன.

மற்றொரு வழி, இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பும் அதன் மாநிலச் சங்கங்களும் நடத்தும் போட்டிகள். இளையோர்க்கும் மூத்தோர்க்கும் தனித்தனியே தேசியப் போட்டிகள் உண்டு. 2018இல் தில்லியில் தொடங்கிய கேலோ இந்தியா போட்டிகளும் இப்பொழுது சேர்ந்துள்ளன. அவ்வழியில் தேர்ந்தெடுக்கப்படும் குழந்தைக்கு ஆண்டுக்கு 6.28 இலட்சம் ரூபாய் உதவி என்று அரசு வகுத்தது, அதில் 1.20 இலட்சம் கைச்செலவுக்கு. கூலி வேலை செய்யும் குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று.

அமெரிக்காவில் இருக்கும் நம் உறவினர் குழந்தைகள் “நான் நாலாம் படியில் இருக்கிறேன்” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்கே பத்துப் படிகள் உள்ளன. முதல் ஐந்து படிகளில் எல்லாக் குழந்தைகளும் ஒரே ஆட்டத்தை ஆடவேண்டும்; ஆறாவதிலிருந்து தத்தமக்கு அமைத்துக்கொண்ட ஆட்டத்தை ஆடலாம். குறித்த மதிப்பெண் பெற்றால் மேற்படிக்குப் போகலாம்; பக்கத்துக் குழந்தையை வெல்ல வேண்டுமென்பதில்லை. நம் நாட்டிலோ பெரும்பாலும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அணியில் சில பேருக்கே இடம். அடுத்தவள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் வீடு திரும்ப வேண்டியதே. அமெரிக்க முறை குழந்தைக்கு இதமானது என்பது நம் எண்ணம்.

மதிப்பெண் இடும் முறையும் அறியத்தக்கது. 1976இல் மாண்ட்ரியலில் பதினான்கு வயது ருமேனியச் சிறுமி நாடியா கோமனேச்சி பத்துக்குப் பத்து பெற்றபோது, அந்த எண்ணைக் காட்ட வசதியில்லாத பலகை 1.00 என்று காட்டிற்று. அந்தப் பத்து 2006இல் மறைந்தது. இப்பொழுது ஆட்டத்தின் கடினத்திற்கு ஒரு மதிப்பெண். ஆடிய நேர்த்திக்குப் பத்திலிருந்து கழித்து வருவது மற்றொன்று. இரண்டையும் கூட்டுவார்கள். கால் சற்றே மடங்கினால் 0.1, பிழை பெரிதானால் 0.3 அல்லது 0.5, கீழே விழுந்தால் முழுதாக ஒரு மதிப்பெண் கழியும்.

இந்த ஏணியை முழுவதும் ஏறிக் காட்டியவர் திரிபுராவின் தீபா கர்மாகர். 1993இல் பிறந்தவர், தட்டைப் பாதம் உடையவர், இக்கலைக்கு அது பெருங்குறை. ஆறு வயதில் தொடங்கினார். பிஸ்வேஸ்வர் நந்தி அவருடைய ஆசான். 2011இல் ராஞ்சியில் நடந்த தேசிய விளையாட்டுகளில் நான்கு கருவிகளிலும் மொத்த ஆட்டத்திலும் சேர்த்து ஐந்து தங்கம் பெற்றார். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம். 2015இல் உலகப் போட்டியில் தாண்டு மேசையின் இறுதிச் சுற்றில் ஐந்தாமிடம் பெற்றும் ஒலிம்பிக் இடம் உறுதியாகவில்லை. 2016 ஏப்ரலில் ரியோவில் நடந்த தகுதிப் போட்டியில் நான்கு கருவிகளிலும் ஆடி 52.698 பெற்ற பிறகே அவ்விடம் கிட்டியது. இதற்கு முன் 1952, 1956, 1964 ஆகிய ஆண்டுகளில் இந்திய ஆடவர் சென்றதுண்டு. பெண் எவரும் சென்றதில்லை.

ரியோவில் தாண்டுதலின் இறுதிக்கு எட்டுப் பேரே தகுதி பெறுவர். தீபா 14.850 பெற்று அந்த எட்டாவது இடத்தில் நின்றார். இறுதியில், கையூன்றிய பின் காற்றில் இரண்டு முன்கரணம் சுழலும் ப்ரோடுனோவா என்னும் அபாயமான தாவலை ஆடி, மொத்தம் 15.066 பெற்றார். வெண்கலம் பெற்ற சுவிஸ் மங்கைக்கு 15.216. நூற்றில் பதினைந்து பங்கு குறைவால் பதக்கம் கைநழுவியது. அவர் 2024 அக்டோபரில் ஓய்வை அறிவித்தார்.

இப்படிகள் யாவற்றிற்கும் அடியில் வயது என்னும் ஒரு படி இருக்கிறது. அதில் இடறினால் மற்றவை இல்லை. உலகச் சம்மேளனம் பெண்களை அவர்கள் பதினாறு நிறையும் ஆண்டிலிருந்தே மூத்தோராக ஏற்கிறது. ஆண்களைப் பதினெட்டு நிறையும் ஆண்டிலிருந்து. நாடியாவின் காலத்தில் எல்லை பதினான்கு. 1981இல் பதினைந்தாகி, 1997இல் பதினாறாயிற்று. வளரும் எலும்பைக் காக்கவே இந்த எல்லை. 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஆடிய சீனச் சிறுமி டாங் ஃபாங்ஷியாவுக்கு அப்பொழுது பதினான்கே வயது என்று பின்னர் வெளிப்பட்டது. பத்தாண்டு கழிந்து 2010இல் அவருடைய அணியின் வெண்கலம் பறிக்கப்பட்டு அமெரிக்க அணிக்கு அளிக்கப்பட்டது. நம் நாட்டிலும் வயது மோசடியைத் தடுக்க 2010இல் அரசு விதி வகுத்தது. ஐயம் எழுந்தால் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

இனி அந்தத் தாயார் கொணர்ந்த தாள்களுக்கு வருவோம். ஒன்று ஊர் அரசு மருத்துவமனை வழியாகப் பதிவான பிறப்புச் சான்று. மற்றொன்று பள்ளிப் பேரேட்டின் நகல். சான்றில் 2012 செப்டம்பர். பேரேட்டில் 2011 ஜூன் 1. பள்ளியில் சேர்க்கச் சென்ற பாட்டனார், வயது போதாது என்பார்களோ என்று அஞ்சி ஓராண்டைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார். தேதி கேட்டபோது பள்ளி திறக்கும் நாளையே சொல்லிவிட்டார். நம் ஊர்களில் ஜூன் முதல் தேதியில் பிறந்தோர் எத்தனை ஆயிரம் பேர் என்று எண்ணினால் சிரிப்பே வருகிறது. எத்தாளின்படி பார்த்தாலும் சிறுமி பதினான்கு வயதுக்கு உட்பட்டவளே. ஆயினும் இரண்டு தாள்கள் ஒன்றையொன்று பொய்யாக்கின. மேசையில் இருந்தவர் மோசடி என்று ஐயுற்றதில் வியப்பில்லை. அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பாட்டனாரைச் சொல்லவும் வரவில்லை.

பெற்றோர் செய்யவேண்டியது இது. பிறப்பு எவ்வூரில் நிகழ்ந்ததோ அவ்வூர்ப் பதிவாளரிடமே சான்று பெறவேண்டும். தில்லியில் கேட்டுப் பயனில்லை. பிறந்த 21 நாட்களுக்குள் தெரிவித்தால் கட்டணமில்லை. ஓராண்டுக்கு மேல் தாமதித்தால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். 2023 அக்டோபர் முதல் தேதியும் அதற்குப் பின்னும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேரப் பிறப்புச் சான்று ஒன்றே வயதுக்கு ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளது. பேரேட்டில் பிழையிருப்பின் எட்டாம் வகுப்புக்குள் திருத்திவிட வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் சி.பி.எஸ்.இ.யில் பெயர் பதிவாகிவிட்டால் தேதியை மாற்றுவது மிகக் கடினம்.

இச்சிறுமியின் பேரேடு, சான்றையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் காட்டிய பின் திருத்தப்பட்டது. அதற்குள் அவ்வாண்டின் போட்டிகள் முடிந்துவிட்டன. 2025 ஜூன் 1ஆம் தேதி, பாராபுல்லா வடிகாலைச் சீர்செய்யவேண்டி, நீதிமன்ற உத்தரவின்படி மதராசி கேம்பு இடிக்கப்பட்டது. 370 குடியிருப்புகளில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதியுள்ளவையாகக் கொள்ளப்பட்டன. வீடு கிடைத்தவர்களுக்கு அது சுமார் 40 கிலோமீட்டருக்கு அப்பால் நரேலாவில். தமிழ்ப் பள்ளியும் தொலைவு. இந்திரா காந்தி உள்ளரங்கமும் தொலைவு. சிறுமி இப்பொழுது சனி ஞாயிறுகளில் ஜங்புராவில் சித்தி வீட்டில் தங்கிப் பயிற்சிக்குச் செல்கிறாள். வாரம் இரண்டு நாள் போதாது என்று பயிற்சியாளர் சொல்கிறார், அது உண்மையே.

புல்டோசர் வருவதற்கு முன்னாள் இரவு நாமும் சாமான் தூக்கப் போயிருந்தோம். அத்தாயார் அடுப்பையும் அண்டாவையும் விட்டுவிட்டு முதலில் வெளியே கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டியை. “அதுல என்னம்மா?” என்றோம். “பாப்பாவோட தேதி அண்ணே” என்றார்.