குடியாத்தத்துல இருந்து 'உலக பேட்டன்ட்' வாங்க முடியுமா? காசு எங்க போகுதுன்னு பார்த்துடுவோம்

முதல்லயே ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். 'உலக பேட்டன்ட்'னு ஒண்ணு கிடையவே கிடையாது. 'இன்டர்நேஷனல் பேட்டன்ட் வாங்கித் தர்றோம் சார்'னு யாராவது போன் பண்ணினா, பர்ஸைக் கெட்டியா பிடிச்சுக்கோங்க. பேட்டன்ட் நாடு நாடாத்தான் கிடைக்கும். பி.சி.டி.ன்னு ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கு, இந்தியா அதுல 1998 டிசம்பர் 7-ல சேர்ந்தது. அது மூலமா ஒரே விண்ணப்பம் போட்டு 150-க்கும் மேற்பட்ட நாடுகள்ல இடம் பிடிச்சு வைக்கலாம். துண்டு போட்டு பஸ்ல சீட்டு பிடிக்கிற மாதிரிதான். டிக்கெட் அப்புறம் ஒவ்வொரு நாட்டுலயும் தனியா எடுக்கணும்.

இதை ஏன் ஒரு பர்சனல் ஃபைனான்ஸ் பக்கத்துல எழுதறேன்? குடியாத்தத்துல வீடு, பேரணாம்பட்டுலயோ ஆம்பூர்லயோ தோல் தொழிற்சாலையில வேலைன்னு இருக்கிற பசங்க நிறைய. டிரம்ல உப்பைக் குறைக்க, கெமிக்கலை மிச்சம் பிடிக்க, கட்டிங்ல வேஸ்ட் ஆகாம இருக்க ஏதோ ஒரு வழியைத் தினமும் யோசிக்கிற ஆளுங்க. இந்த ஏரியாவுல அந்த மாதிரி யோசனைக்கு நிஜமாவே விலை இருக்கு. பாலாறு கெட்டுப்போன வழக்குல 1996-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதுல இருந்து, கழிவுநீரைச் சுத்திகரிக்காம டேனரி நடத்த முடியாது. தண்ணியையும் உப்பையும் குறைக்கிற எந்த முறையும் முதலாளிக்கு நேரடியா காசு. அடையாறுல இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது சி.எல்.ஆர்.ஐ., தண்ணியே இல்லாம குரோம் பதனிடுற முறையைக் கொண்டு வந்தப்போ டேனரிகள் ஆர்வமா வந்ததுக்கும் இதுதான் காரணம். குரோமியம் செலவும் அதுல 15 முதல் 20 சதவீதம் குறையும்.

ஆனா ஒண்ணைக் கவனிங்க. அங்க விஞ்ஞானிங்க கண்டுபிடிக்கிறதுக்கு உரிமையாளர் சி.எஸ்.ஐ.ஆர்., விஞ்ஞானி இல்ல. உங்க நிலைமையும் அப்படியே இருக்கலாம். ஊழியர் கண்டுபிடிச்சா யாருக்குச் சொந்தம்னு 1970 பேட்டன்ட் சட்டத்துல தனியா விதி இல்ல, உங்க ஒப்பந்தம் என்ன சொல்லுதோ அதுதான். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோட மூணாவது நாலாவது பக்கத்தை யாரும் படிக்கிறதில்ல. 'பணிக்காலத்தில் உருவாகும் அனைத்தும் நிறுவனத்துக்கே'ன்னு ஒரு வரி அங்க இருந்தா, சொந்தக் காசைப் போட்டு விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலைப் பார்த்துடுங்க. உரிமை கம்பெனிக்குப் போனாலும் கண்டுபிடிச்சவர்னு உங்க பேரைப் போடச் சொல்லிக் கேட்க சட்டத்துல இடம் இருக்கு. அடுத்த வேலைக்குப் போறப்போ அந்தப் பேருக்கு மதிப்பு உண்டு.

சரி, யோசனை உங்களோடதுதான்னு வெச்சுக்குவோம். புதுசாங்கிறதைப் பாருங்க. ஆவாரம்பட்டையிலயும் கடுக்காயிலயும் தோல் பதனிடுறது நம்ம தாத்தா காலத்து வேலை, அதுக்கு பேட்டன்ட் கிடைக்காது. மஞ்சளுக்கு அமெரிக்காவுல 1995-ல கொடுத்த பேட்டன்டையே சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து 1997-ல ரத்து பண்ண வெச்சது. 'பேட்டன்ட்ஸ்கோப்'னு ஒரு இலவச இணையதளம் இருக்கு, ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து தேடிப் பாருங்க. இன்னொண்ணு, விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி ரீல்ஸ் போட்டுடாதீங்க. வீடியோ சேனல் வெச்சிருக்கிற நானே சொல்றேன். நீங்களே வெளியில காட்டிட்டா அது புதுசு இல்லைன்னு ஆயிடும்.

இப்போ கணக்குக்கு வருவோம். இந்தியாவுல குடியிருக்கிறவங்க நேரா வெளிநாட்டுல விண்ணப்பிக்கக் கூடாது. ஒண்ணு, பேட்டன்ட் ஆபீஸ்ல முன் அனுமதி வாங்கணும். இல்லைன்னா இங்க முதல்ல போட்டுட்டு ஆறு வாரம் காத்திருக்கணும். இதை மீறினா பேட்டன்டே பறிபோகலாம். அதனால முதல்ல இங்க ஒரு தற்காலிக விண்ணப்பம் போடுங்க. தனிநபருக்கு ஆன்லைன்ல 1,600 ரூபாய். அந்தத் தேதிதான் எல்லாத்துக்கும் தொடக்கம்.

உதாரணத்துக்கு 2026 ஜனவரி 10-ல போட்டீங்கன்னா, 2027 ஜனவரி 10-க்குள்ள பி.சி.டி. விண்ணப்பம் போகணும். சர்வதேசக் கட்டணம் 1,330 சுவிஸ் பிராங்க். பயந்துடாதீங்க, விண்ணப்பதாரர் எல்லாரும் இந்தியத் தனிநபர்களா இருந்தா 90 சதவீதம் தள்ளுபடி. 133 பிராங்க். ஒரு பிராங்க் 100 ரூபாய்னு வெச்சாலும் 13,300. நண்பரோட கம்பெனியையும் ஆசைக்கு விண்ணப்பதாரரா சேர்த்தீங்கன்னா இந்தத் தள்ளுபடி போயிடும், இது பலரும் மாட்டுற இடம். தேடல் அறிக்கைக்கு இந்திய பேட்டன்ட் ஆபீஸையே தேர்ந்தெடுத்தா தனிநபருக்கு 2,500 ரூபாய். அப்படித் தேர்ந்தெடுத்தவங்க இங்க துரிதப் பரிசோதனையும் கேட்கலாம். பெண் விண்ணப்பதாரர்களுக்கும் அந்த வசதி உண்டு, ஆம்பூர் ஷூ கம்பெனிகள்ல வேலை பார்க்கிற அக்கா தங்கச்சிங்க குறிச்சு வெச்சுக்கோங்க.

தொடக்கத் தேதியில இருந்து 18 மாசம் ஆனதும் விண்ணப்பம் வெளியாயிடும். பெரும்பாலும் அதுக்குள்ள தேடல் அறிக்கையும் கைக்கு வந்திருக்கும். என்னைக் கேட்டா பி.சி.டி.யில நீங்க காசு கொடுத்து வாங்குறது இந்த அவகாசத்தைத்தான். அறிக்கை 'இது பழசு'ன்னு சொன்னா அங்கயே நிறுத்திடலாம், நஷ்டம் ஆயிரங்கள்ல முடியும். சாதகமா இருந்தா மட்டும் அடுத்த படி.

அந்த அடுத்த படிதான் நேஷனல் ஃபேஸ். இந்தியாவுக்கு 31 மாசம், நம்ம உதாரணத்துல 2028 ஆகஸ்ட் 10. அமெரிக்காவுக்கு 30 மாசம். இங்க நுழைய 1,600, பரிசோதனைக்கு 4,000. பரிசோதனை கேட்கிற கெடுவையும் 2024 திருத்தத்துல 48 மாசத்துல இருந்து 31 மாசமாக் குறைச்சுட்டாங்க. கெடு விஷயத்துல அலட்சியம் வேண்டாம். நோக்கியாவே இந்த 31 மாசத்தைத் தவறவிட்டுட்டு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. நமக்கு அந்த வக்கீல் செலவு கட்டுமா?

வெளிநாடுன்னா கதையே வேற. அந்தந்த நாட்டு ஏஜென்ட், மொழிபெயர்ப்புன்னு லட்சக்கணக்குல போகும். உங்க முறையை டேனரி இங்கதான் பயன்படுத்தப் போகுதுன்னா இந்தியா மட்டும் போதும். அப்படின்னா பி.சி.டி.யே தேவையில்ல, 12 மாசத்துல இங்கயே முழு விண்ணப்பம் போட்டுடுங்க. மெஷினா செஞ்சு இத்தாலிக்காரங்களோட போட்டி போடணும்னா வெளிநாட்டைப் பத்தி யோசிக்கலாம். பர்சனல் லோன் மட்டும் வேண்டவே வேண்டாம். தற்காலிக விண்ணப்பம் போட்ட மாசத்துல இருந்தே 10,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. ஆரம்பிச்சா, 30-வது மாசம் வட்டி இல்லாமலே 3 லட்சம் இருக்கும். அறிக்கை பாதகமா வந்தா அந்தப் பணம் எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போகட்டும்.

கிடைச்ச பிறகும் செலவு நிக்காது. மூணாவது வருஷத்துல இருந்து புதுப்பிக்கணும். 6-வது வரைக்கும் வருஷம் 800, 10 வரைக்கும் 2,400, 15 வரைக்கும் 4,800, 20 வரைக்கும் 8,000. தனிநபருக்கு மொத்தம் 76,800 ரூபாய். யாரும் பயன்படுத்தாத பேட்டன்டை 12-வது வருஷத்துல விட்டுடறது தப்பே இல்ல.

ராயல்டி வர ஆரம்பிச்சா வரிச் சலுகையும் இருக்கு. 1961 வருமான வரிச் சட்டத்தோட 80 ஆர்.ஆர்.பி. பிரிவுல வருஷம் 3 லட்சம் வரைக்கும் கழிச்சுக்கலாம், ஆனா பழைய வரி முறையில இருந்தாத்தான். 2026 ஏப்ரல்ல இருந்து புதுச் சட்டம்கிறதால பிரிவு நம்பர் மாறும், ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க. புது முறையில இருக்கிறவங்க, ராயல்டி வர்ற வருஷம் ரெண்டு முறையிலயும் கணக்குப் போட்டுப் பார்த்துட்டு ரிட்டர்ன் ஃபைல் பண்ணுங்க.