பூவரசம் பீப்பியும் ஒரு நிமிட வீடியோவும்

பூவரச இலையைச் சுருட்டி, ஒரு முனையை விரலால் நசுக்கி ஊதினால் 'பீ' என்று அலறும். திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாகஸ்வரத்தின் சீவாளியும் இதே வேலையைத்தான் செய்கிறது. நசுங்கிய இரண்டு மடல்கள் மூச்சில் அதிர, குழலுக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்கிறது. குழல் குட்டையானால் சுருதி ஏறும். பாடப்புத்தகத்தின் ஒலிப் பாடம் இந்தப் பீப்பிக்குள் பாதி அடங்கிவிடும்.

அறிவியல் பொம்மைகள் செய்துகாட்டும் அரவிந்த் குப்தாவின் வீடியோக்களில் இதற்கு ஒரு பங்காளி உண்டு. உறிஞ்சுகுழலின் நுனியைத் தட்டையாக்கி, அம்புமுனை போல வெட்டி ஊதுவது. ஊதிக்கொண்டே குழலைக் கத்தரிக்கோலால் நறுக்கினால், ஒவ்வொரு நறுக்குக்கும் ஓசை ஏறும். (தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலுக்குத் தடை. காகிதக் குழலோ எச்சில் பட்டால் ஊறிப்போகும். பூவரசுக்கு இந்தத் தொல்லை இல்லை.)

குப்தா கான்பூர் ஐஐடியில் 1975-ல் பட்டம் பெற்றவர். புனேயில் டெல்கோ நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதியில் 1972-ல் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் அவரை இழுத்தது. 1978-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே போனார். அங்கேதான் தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் அவர் கையில் ஒன்றுசேர்ந்தன. டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அவற்றில் குச்சிகளைச் செருகினால் வடிவங்கள் பிறக்கும். சதுரத்தை அழுத்தினால் சாய்ந்துவிடும். முக்கோணம் அசையாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இந்தப் பாடம் தலைக்கு மேலேயே தொங்குகிறது. ஷெட் கூரைகளைத் தாங்கும் 'டிரஸ்' முழுக்க முக்கோணங்கள். வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து கம்பிகளைச் சுமந்து வரும் கோபுரங்களிலும் அதே முக்கோணங்கள். அப்பா வெல்டராக இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு, தீக்குச்சி முக்கோணம் வெறும் விளையாட்டுச் சாமானாகத் தெரியாது.

குப்தாவின் வீடியோக்களில் பெரும்பாலானவை ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். திரையில் வேலை செய்யும் கைகள்தான் பிரதானம். தமிழிலும் குரல் கொடுக்கப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் படிக்கும் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் கைகளே பேசுவது சின்ன விஷயமல்ல. மொழி முழுசாகப் பிடிபடாத பிள்ளையும் கையைப் பார்த்துச் செய்துவிடலாம். குப்தாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

தமிழக அரசும் சும்மா இருக்கவில்லை. 2018-ல் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு வந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. ஆனால் கரும்பலகைப் பாடத்தை அப்படியே படம் பிடித்தால், அது திரைக்குள் போன இன்னொரு கரும்பலகை, அவ்வளவுதான். அரை மணி நேரம் ஓடும் நல்ல வீடியோவைவிட, பாதியில் நிறுத்தி 'அடுத்து என்ன ஆகும்?' என்று வாத்தியார் கேட்கும் ஒரு நிமிட வீடியோவே மேல்.

கோலம் போடும் வீடியோவை இப்படி நிறுத்திப் பார்க்கலாம். புள்ளி தெரியும், பாதிக் கம்பி தெரியும். மீதியை வகுப்பே வரைந்து முடிக்க வேண்டும். கோலத்தில் கணினி அறிவியலும் இருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வாளர்களும் 1974-லேயே கோலத்தைக் கணினி மொழிகளுக்கு உரிய இலக்கண விதிகளாக எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் அரிசிமாவோடு குனிந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

படம் பார்ப்பதோடு பிள்ளைகளை நிறுத்திவிடாதீர்கள் ஆசிரியர்களே. வீட்டுக் கைபேசியில் அவர்களே எடுத்து வரட்டும்: பாட்டியின் கோலத்தை, தெருமுனை ஷெட்டின் கூரையை, தம்பி ஊதும் பீப்பியை. ஒரு நிமிடம் போதும்.