ஜன்னலோரம் வந்த சங்கீதம்

காசு கொடுத்து வானொலி கேட்க இந்தியாவில் ஆள் இருந்தது. பெட்டி ஊமையானதற்குக் காரணம் வேறு.

முதல் வேலை, சரியான ஜன்னலைத் தேடுவது. உள்ளங்கை அகல ஆன்டெனாவைக் கிழக்கும் தெற்கும் சேரும் திசையில் வானம் தெரியும்படி நிறுத்த வேண்டும். மழையும் மேகமும் பரவாயில்லை. பக்கத்து வீட்டு மாடியோ மாமரமோ குறுக்கிட்டால்தான் வம்பு. இம்மி இம்மியாகத் திருப்பிக்கொண்டே இருந்தால், ஏதோ ஒரு கோணத்தில் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தம்புரா ஒலி இறங்கிவரும். துளி இரைச்சல் இருக்காது.

வேர்ல்ட்ஸ்பேஸ் வானொலியை வீட்டில் வைத்திருந்தவர்கள் இந்தத் திருப்பலை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். இதைத் தொடங்கிய நோவா சமாரா எத்தியோப்பியாவில் பிறந்த வழக்கறிஞர். எய்ட்ஸ் பற்றிய தகவல்கூடப் போய்ச் சேராத ஆப்பிரிக்க கிராமங்களுக்கு வானத்திலிருந்து வானொலி தருவது அவர் கனவு. 1990-இல் நிறுவனம் பிறந்தது. 1998-இல் ஆப்பிரிக்காவுக்கான ஆஃப்ரிஸ்டார் செயற்கைக்கோள் பறந்தது. ஆசியாவுக்கான ஆசியாஸ்டார் 2000 மார்ச்சில் தென் அமெரிக்காவின் கூரூவிலிருந்து கிளம்பியது. அதே ராக்கெட்டில் நம்முடைய இன்சாட்-3பியும் பயணம் செய்தது.

கிராமத்து ஏழைக்காகத் திட்டமிட்ட சாதனம் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம், இந்திய நகரங்களின் நடுத்தர வர்க்கத்து வீட்டுக் கூடம். உலகம் முழுவதும் 1,70,000-க்கு மேல் இருந்த சந்தாதாரர்களில் 96 சதவீதம் பேர் இந்தியர்கள்.

இத்தனைக்கும் வானொலிக்குக் காசு கொடுத்துப் பழகாத நாடு இது. லைசென்ஸ் கட்டணம்கூட 1980-களிலேயே ஒழிந்துவிட்டது. அப்படியிருந்தும் தனியாக ஒரு பெட்டி வாங்கி, அதற்கு மேல் ஆண்டுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய் அளவில் சந்தாவும் கட்டினார்கள். ஏன்?

வேறு எங்கும் கிடைக்காததை அந்தப் பெட்டி தந்தது. 2001-இல் பெங்களூரில் தொடங்கிய தனியார் எஃப்.எம். ஊர் ஊராகப் பரவியபோது, பெரும்பாலான நிலையங்களில் அந்த வாரத்து வெற்றிப் பாடல்களும் விடாத அரட்டையும்தான். அகில இந்திய வானொலியில் சாஸ்திரிய சங்கீதம் இருந்தது. ஆனால் அதன் நேரத்துக்கு நாம் காத்திருக்க வேண்டும். வேர்ல்ட்ஸ்பேஸில் கர்நாடக இசைக்கு 'ஸ்ருதி', ஹிந்துஸ்தானிக்கு 'கந்தர்வ்', பழைய இந்திப் பாட்டுக்கு 'ஃபரிஷ்தா' என்று நாள் முழுக்க ஓடும் தனித்தனிச் சேனல்கள்.

இன்னொரு கூட்டமும் இருந்தது: சொந்த மொழி ஒலிக்காத ஊரில் பிழைக்கப் போனவர்கள். தமிழுக்குக் 'கே.எல். ரேடியோ', மலையாளத்துக்கு 'ஆர்.எம். ரேடியோ', தெலுங்குக்கு 'ஸ்பந்தனா', பஞ்சாபிக்கு 'துனக்'. எஃப்.எம். ஒலி ஊர் எல்லையோடு நின்றுவிடும். செயற்கைக்கோளுக்கு மாநில எல்லை கிடையாது. நாக்பூரில் குடியிருக்கும் தமிழருக்கும் சென்னையில் கடை வைத்திருக்கும் பஞ்சாபிக்கும் அது ஒரே விலைக்கு ஊரைக் கொண்டுவந்து கொடுத்தது. விளம்பரத்துக்கு ஏ.ஆர். ரஹ்மான் வந்தார், ஆனால் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வாங்கியவர்களுக்கு ரஹ்மான் தேவைப்பட்டிருக்காது.

ஆனால் இந்த ரசிகர் கூட்டம் விசுவாசமானது, பெரியதல்ல. அமெரிக்காவில் எக்ஸ்எம், சிரியஸ் நிறுவனங்களின் செயற்கைக்கோள் வானொலி காரில் ஏறி உட்கார்ந்தது. புதுக் கார் வாங்குபவரிடம் பெட்டியும் சேர்ந்தே போயிற்று. கட்டடங்கள் மறைக்கும் நகரச் சாலையில் ஒலி அறாமல் இருக்கத் தரையிலும் கோபுரங்கள் நிறுத்தினார்கள். இந்தியாவில் அந்தக் கோபுரங்கள் எழவில்லை. செயற்கைக்கோள் வானொலிக்கான பரிந்துரைகளை டிராய் 2005 ஜூனில் கொடுத்தது, கொள்கை உருவாகவில்லை. பெட்டி ஜன்னலை விட்டு நகர முடியவில்லை. அதற்குள் சாதாரண செல்போனிலேயே இலவச எஃப்.எம். வந்துவிட்டது.

2005 ஆகஸ்டில் அமெரிக்கப் பங்குச் சந்தையில் கோலாகலமாக நுழைந்த நிறுவனம், 2008 அக்டோபரில் டெலாவேர் நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கேட்டு நின்றது. சொத்துகளை வாங்க முன்வந்தவர் இந்தியச் சந்தா வியாபாரத்தை மட்டும் வேண்டாம் என்றார். இருந்த வாடிக்கையாளர்களில் 96 சதவீதம் பேரைத்தான் அவர் வேண்டாம் என்றார் என்பது இதில் விசித்திரம். 2009 டிசம்பர் 31-ஆம் தேதியோடு சேவை நின்றது. ஆண்டுச் சந்தாவை முன்கூட்டியே கட்டியவர், மீதிப் பணத்துக்கு எங்கோ அமெரிக்காவில் நடக்கும் திவால் வழக்கில் கடன்காரர் வரிசையின் கடைக்கோடியில் நிற்க வேண்டும் என்றால், அவர் என்ன செய்வார்? பெட்டியைப் பரணில் போட்டார்.

பணத்தை விடப் பெரிய நஷ்டம் அந்தப் பெட்டிதான். 1970-இல் வாங்கிய டிரான்சிஸ்டர், தயாரித்த கம்பெனி மூடிப்போனாலும், நிலையம் ஒலிபரப்பும் வரை பாடும். எந்த நிலையத்தின் அலையையும் பிடிக்கும். வேர்ல்ட்ஸ்பேஸ் பெட்டிக்கு ஒரே எஜமானர். பூட்டிய ஒலியைத் திறக்கும் சாவி அவரிடம். அவர் போனதும் பழுதில்லாத பெட்டி, பழுதில்லாத ஆன்டெனா, கேட்க ஒன்றுமில்லை. வாங்கும்போது கடையில் யாரும் இதைக் கேட்கவில்லை. இன்று செல்போன் செயலிகளுக்குச் சந்தா கட்டுபவர்களில் எத்தனை பேர் கேட்கிறார்கள்?

சாஸ்திரிய இசைக்கென 24 மணி நேர 'ராகம்' சேனலை அகில இந்திய வானொலி 2016 ஜனவரி 26-ஆம் தேதி தொடங்கியது. டி.டி.எச்., இணையம் வழியாக வந்தது. கேட்க ஜன்னல் தேட வேண்டியதில்லை, சந்தாவும் இல்லை. பழைய பெட்டி வைத்திருந்தவர்களுக்கு அது ஆறு வருடம் தாமதம்.