அரிப்புக்குக் களிம்பு: அளவறிந்து பூசுக!

சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் அமைந்துள்ள ஸ்ரீசிட்டி தொழில் நகரிலும் சுற்றுவட்டாரக் கட்டட வேலைகளிலும் உழைக்கும் தமிழருக்குத் தோல் அரிப்பு புதிய தொல்லை அன்று. சிமெண்டு, எந்திர எண்ணெய், சோப்பு நீர் முதலியவை கைகளில் கரப்பானை உண்டாக்கும். வியர்வையில் நனைந்த உடை, இடுப்பிலும் தொடையிலும் படர்தாமரைக்கு இடம் தரும். இரண்டிலும் தோல் சிவக்கும்; அரிக்கும். மருத்துவரிடம் போனால் அரை நாள் கூலி போய்விடுமே என்று, மருந்துக் கடையில் ஏதோ ஒரு களிம்பைக் கேட்டு வாங்குவோர் பலர்.

நோய் எது?

இத்தகைய களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு உள்ளது. 1952-இல் அமெரிக்க மருத்துவர்கள் சல்ஸ்பர்கர், விட்டன் ஆகிய இருவரும் ஹைட்ரோகார்டிசோனைப் பூசினால் கரப்பான் தணிவதைக் கண்டறிந்தனர். கரப்பானுக்கு இது நல்ல மருந்துதான். ஆனால், படர்தாமரை பூஞ்சைக் காளானால் வருவது. அதன்மீது ஸ்டீராய்டைப் பூசினால் அரிப்பு உடனே அடங்கும். பூஞ்சையோ பரவிக்கொண்டே இருக்கும். வட்ட வடிவமும் கலைந்துவிடுவதால் நோயை இனங்காண்பதும் கடினமாகிறது. பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்த களிம்புகளிலும் இந்த ஆபத்து உண்டு. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று விதித்தது.

பெயரைக் கவனியுங்கள்

ஹைட்ரோகார்டிசோன் மென்மையானது. குளோபிட்டசோன் நடுத்தர வீரியமுடையது. குளோபிட்டசால் மிகக் கடுமையானது. பின்னிரண்டின் பெயரும் ஒன்றுபோல் ஒலிப்பதால், வாங்கும்போது சீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

பூசும் முறை

கரப்பான்தான் என்று உறுதி செய்து மருத்துவர் நடுத்தர வீரியக் களிம்பு எழுதித் தந்தால் அஞ்ச வேண்டியதில்லை. பயந்துகொண்டு பெயருக்குத் தடவினால் நோய் தணியாது. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கும் மருந்து ஏறத்தாழ அரை கிராம். விரல்களோடு சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்கு அது போதும். நாளொன்றுக்கு ஒரு முறை அல்லது இரு முறை, பொதுவாக ஓரிரு வாரங்கள் பூசலாம்.

முகம், கண் இமை, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் தோல் மெல்லியது. மருந்தை அதிகம் உறிஞ்சும். அங்கெல்லாம் மருத்துவர் சொல்லாமல் பூசலாகாது. நாள்பட்ட உபயோகத்தால் தோல் மெலியும், வரிக்கோடுகள் விழும். கண்ணருகே பூசினால் கண் அழுத்தம் உயரக்கூடும். முகம் சிவப்பாக வேண்டும் என்று மாதக்கணக்கில் பூசியவர்களுக்கு, நிறுத்தியதும் எரிச்சலும் பருக்களும் கிளம்புவதுண்டு.

ஒரே அறையில் தங்கியிருப்போர் துண்டையும் களிம்பையும் பகிர்ந்துகொள்ளாதிருப்பது நல்லது. இரண்டு வாரத்தில் குணம் தெரியாவிட்டாலும், படை பரவினாலும் தோல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அப்போது, இதுவரை பூசிய டியூபையும் மறவாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அரை நாள் கூலி போனாலும், பல மாத அவதி மிச்சமாகும்.